எல்லாமே குறியீடுதானா? 'தி குளோரி' முதல் எட்டு எபிசோடுகளுக்குப் பிறகு

"சித்தி, இதுல எதுவுமே சும்மா வரல. எல்லாமே சிம்பல்தான்" என்றாள் அக்கா மகள். என்னை 'தி குளோரி' என்ற கொரியத் தொடரைப் பார்க்க வைத்தவள் அவள்தான். முதல் தொகுதியின் எட்டு எபிசோடுகளை நான் முடித்த கையோடு அவளே போன் செய்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பாதுக் என்கிற பலகை ஆட்டம் எதைக் குறிக்கிறது, அந்த வெள்ளைப் பூ எதைக் குறிக்கிறது, ஜே-ஜூன் என்கிற பாத்திரத்துக்கு நிறம் தெரியாமல் போவது எதைக் குறிக்கிறது என்று எல்லாவற்றுக்கும் விளக்கம் இருந்தது. நான் ரசித்துத்தான் கேட்டேன். அப்புறம் அதே வேகத்தில், "அந்த ஹேர் அயர்ன் இருக்குல்ல, அது அழகுக்கு சிம்பல் சித்தி. அழகா இருக்கிறவங்க கையில இருக்கிற பவர்" என்றாள். அந்த இடத்தில் எனக்குள் ஏதோ ஒன்று ஒப்ப மறுத்தது. அவளிடம் வாதாடவில்லை. ஆனால் போனை வைத்த பிறகும் அது என்னை விடவில்லை. பூவைக் குறியீடு என்று சொன்னபோது தலையாட்டிய எனக்கு, முடியை நேராக்கும் அந்தச் சூட்டு இரும்பைக் குறியீடு என்றதும் ஏன் அப்படிச் சுருக்கென்று இருந்தது?

இரண்டாம் தொகுதியை நான் இன்னும் தொடவில்லை. முடிவு தெரிந்த பிறகு எழுதினால் எல்லாவற்றையும் முடிவை வைத்தே படிக்கத் தோன்றும். அதற்கு முன், பாதி வழியில் நின்றுகொண்டு, இந்தத் தொடர் பொருள்களை எப்படிக் கையாள்கிறது என்று எனக்குப் படுவதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. கதை உங்களுக்குத் தெரியும். பள்ளியில் ஐந்து பேரால் சிதைக்கப்பட்ட டோங்-உன், பல ஆண்டுகள் கழித்து அந்த ஐவரின் தலைவி யோன்-ஜினின் மகளுக்கு வகுப்பு ஆசிரியையாக வந்து நிற்கிறாள். நான் அதற்குள் போகப் போவதில்லை.

சூடு

முதலில் அந்த இரும்பு. உடற்பயிற்சிக் கூடத்தில் டோங்-உன்னைப் பிடித்து வைத்துக்கொண்டு, அயர்ன் சூடாகிவிட்டதா என்று பார்த்துச் சொல்லேன் என்று விளையாட்டுப் போல ஆரம்பிக்கிறார்கள். இந்தக் காட்சி எழுத்தாளரின் கற்பனையில் முளைத்ததல்ல என்பதுதான் என்னை முதலில் நிறுத்தியது. 2006இல், தென்கொரியாவின் சொங்ஜு நகரில், ஒரு பெண்கள் நடுநிலைப் பள்ளியில் இது நடந்திருக்கிறது. பணம் கேட்டு மிரட்டிய சக மாணவிகள் ஒரு பெண்ணை நாள் கணக்கில் அடித்து, ஹேர் அயர்னால் சுட்டார்கள். அந்தச் செய்தி அப்போதே கொரியாவை உலுக்கியது. தொடர் வந்ததும் அது மறுபடி தோண்டி எடுக்கப்பட்டது. அதாவது இந்தப் பொருள் தொடருக்குள் வரும்போதே ஒரு நிஜமான உடம்பின் வழியாகத்தான் வருகிறது. அதை எடுத்து "இது அழகின் அதிகாரம்" என்று பெயர் சூட்டும்போது, அந்த உடம்பு கொஞ்சம் மறைந்துபோகிறது. எனக்குச் சுருக்கென்று இருந்தது அதனால்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

ஏன் ஹேர் அயர்ன்? பதினேழு வயதுப் பெண்களின் கைக்கெட்டும் தூரத்தில் அது கிடந்தது, அவ்வளவுதான். வேறு எதுவாவது கிடந்திருந்தால் அதுவாக இருந்திருக்கும். தன்னை ஏன் இப்படிச் செய்கிறாய் என்று டோங்-உன் கேட்கும்போது யோன்-ஜின் சொல்லும் பதிலைக் கவனித்துப் பாருங்கள். என்ன செய்தாலும் தனக்கு ஒன்றும் ஆகவில்லை, நீ போலீசுக்கே போனாய், பிறகும் இதோ இங்கேதான் நிற்கிறாய் என்கிற பொருளில் அவள் பேசுகிறாள். பகை, பொறாமை, பழைய கணக்கு என்று ஒரு காரணம்கூட இல்லை. தடுக்க யாரும் இல்லை என்பதே காரணம். அர்த்தமே இல்லாத கொடுமை அது. அர்த்தமில்லாத ஒன்றுக்கு நாம் அர்த்தம் கற்பித்தால், செய்தவர்களுக்கு ஒரு ஆழத்தைத் தானமாகக் கொடுத்தது போல் ஆகிவிடுகிறது.

தொடரில் இந்தப் பள்ளிக் காலம் 2004. தென்கொரியாவில் பள்ளி வன்முறைத் தடுப்புக்கென்று தனிச் சட்டம் இயற்றப்பட்டதும் அதே 2004இல்தான். எழுத்தாளர் கிம் உன்-சுக் இதை மனதில் வைத்துத்தான் ஆண்டைத் தேர்ந்தெடுத்தாரா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. ஆனால் திரையில் அந்த ஆண்டைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிந்தது. காகிதத்தில் சட்டம் இருக்கிறது. கூடத்தில் அயர்ன் சூடாகிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வகுப்பாசிரியர், ஒரு காவல் அதிகாரி, ஒரு அம்மா. டோங்-உன் பள்ளியை விட்டு விலகும் படிவத்தில் காரணத்தை எழுதி ஐவரின் பெயரையும் எழுதிக் கொடுக்கிறாள். ஆசிரியர் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு அவளை அறைகிறார். பெற்ற அம்மா பணத்தை வாங்கிக்கொண்டு சமரசக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாள்.

இரும்பு, கடிகாரம், கையெழுத்துப் போட்ட காகிதம். இந்த மூன்றையும் தொடர் காட்டும் விதத்தில் ஓர் ஒற்றுமை இருக்கிறது. எதன் மேலும் இசை ஏறி உட்காரவில்லை. யாரும் அவற்றைப் பற்றிக் கவித்துவமாகப் பேசுவதில்லை. அந்தக் கடிகாரத்தைக் கழற்றும் செய்கையை எத்தனை சாதாரணமாக எடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கை வலிக்கக் கூடாது, கடிகாரம் கெட்டுவிடக் கூடாது என்று ஒரு மனிதன் யோசிக்கும் அந்த இரண்டு நொடிதான் எனக்கு அறையைவிடக் கொடூரமாக இருந்தது. அங்கே கடிகாரம் கடிகாரம்தான். அது காலத்தைக் குறிக்கவில்லை.

வைத்த கல் நகராது

இப்போது பாதுக். பெயர் புதிதாக இருந்தால், 'கோ' என்று சொன்னால் தெரிந்திருக்கும். 2016இல் சியோலில் லீ செடோலை ஆல்ஃபாகோ என்ற கணினி நிரல் 4-1 என்று வென்றபோது உலகமே பேசிய ஆட்டம். பத்தொன்பதுக்குப் பத்தொன்பது கோடுகள், 361 சந்திப்புகள், கறுப்புக் கல், வெள்ளைக் கல். யோன்-ஜினின் கணவன் டோ-யோங் பாதுக் பிரியன் என்பதால், அவனை நெருங்குவதற்காகவே டோங்-உன் இதைக் கற்றுக்கொள்கிறாள். கற்றுக்கொடுப்பவன் யோ-ஜோங் என்கிற இளம் மருத்துவன். ஓரங்களிலிருந்து ஆரம்பித்து நடுவுக்கு வர வேண்டும், தன் இடத்தைக் கட்டிக்கொண்டே எதிராளியின் இடத்தை இடிக்க வேண்டும், சத்தமே இல்லாமல், ஆனால் மூர்க்கமாக என்று அவன் சொல்லித்தரும்போது அவள் முகம் மாறுவதைப் பார்த்தீர்களா? தன் வாழ்க்கைக்கு ஒரு இலக்கணம் கிடைத்துவிட்டது போல ஒரு மாற்றம்.

பழிவாங்கலைச் சதுரங்கத்தோடு ஒப்பிடுவது பழகிப்போன விஷயம். ஆனால் பாதுக்கின் விதிகள் வேறு, அந்த வேறுபாட்டில்தான் இந்தத் தொடரின் மூளை இருக்கிறது என்று நினைக்கிறேன். சதுரங்கத்தில் காய்கள் நகரும், பாயும், வெட்டும். பாதுக்கில் ஒரு கல்லை வைத்துவிட்டால் அது அங்கேயே இருக்கும். அது எதையும் தாக்குவதில்லை. சுற்றிலும் உள்ள காலி இடங்கள்தான் ஒரு கல்லின் உயிர். எல்லாப் பக்கமும் அடைபட்டால் மட்டுமே அது பலகையை விட்டு எடுக்கப்படும். முதல் எட்டு எபிசோடுகளில் டோங்-உன் என்ன செய்கிறாள் என்று யோசித்துப் பாருங்கள். யாரையும் அடிப்பதில்லை. யாரையும் துரத்துவதில்லை. ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை. ஜன்னலைத் திறந்தால் யோன்-ஜினின் வீடு தெரியும் ஒரு வாடகைக் குடித்தனம். பிறர் வீட்டில் வேலை செய்யும் ஹியோன்-நாம் என்ற ஒரு கூட்டாளி. ஒவ்வொன்றையும் வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். ஐவரில் சாராவின் ஒரு வாசலைப் போதை அடைக்கிறது. கல்யாண ஆசை ஹே-ஜோங்கின் வாசலை அடைக்கிறது. பணத்தாசை மியோங்-ஓவை நெருக்குகிறது. மூச்சுவிடும் வழிகள் ஒன்றொன்றாகக் குறைகின்றன. அடைப்பவர்கள் பெரும்பாலும் அந்த ஐவரில் ஒருவராகவே இருக்கிறார்கள் என்பது ஆட்டக்காரியின் திறமை.

இன்னொன்றும் உண்டு, இதைத்தான் நான் அக்கா மகளிடம் மறுநாள் ஆர்வமாகச் சொன்னேன். சதுரங்கத்தில் ராஜா, மந்திரி, சிப்பாய் என்று பிறப்பிலேயே தரம் உண்டு. பாதுக்கில் எல்லாக் கல்லும் ஒன்றுதான். எங்கே வைக்கப்படுகிறது என்பதில்தான் மதிப்பு. அந்த ஐவர் கூட்டத்தைப் பாருங்கள். யோன்-ஜின், ஜே-ஜூன், சாரா மூவரும் பணக்காரர்கள். சலவைக்கடைக்காரரின் மகள் ஹே-ஜோங்கும் எடுபிடி மியோங்-ஓவும் அவர்கள் வீசுவதைப் பொறுக்குபவர்கள். நட்பு என்ற பெயரில் நடப்பது ஒரு சதுரங்கப் பலகை. அவர்களுக்கு எதிரே டோங்-உன் விரித்திருக்கும் பலகையிலோ, கணவனிடம் அடிபட்டு அடிபட்டு வாழும் ஒரு வேலைக்கார அம்மாவும் மருத்துவமனைத் தலைவரின் மகனும் ஒரே எடையுள்ள கற்கள். ஹியோன்-நாம் கார் ஓட்டக் கற்றுக்கொள்வதும் கேமராவைப் பிடிக்கப் பழகுவதும் கதைக்குத் தேவையான உளவு வேலை மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. தன்னை எப்போதும் சிப்பாயாகவே நினைத்திருந்த ஒருத்திக்கு, வேறொரு ஆட்டமும் உலகத்தில் இருக்கிறது என்று தெரியவரும் இடம் அது. அடி வாங்கினாலும் தான் கலகலப்பான பொம்பளை என்று அவர் சொல்லும் காட்சியில் யோம் ஹே-ரானின் நடிப்பு, இந்த எட்டு எபிசோடுகளிலேயே எனக்கு மிகப் பிடித்தது.

வானத்தைப் பார்க்கும் பூ

டோங்-உன் குடியிருக்கும் ஈடன் வில்லாவின் வீட்டுக்காரப் பாட்டி ஒரு பூச்செடி வளர்க்கிறார். பெரிய வெள்ளைப் பூ, நாதஸ்வரத்தின் வாய் போல விரிந்தது. தரையைப் பார்த்துத் தொங்கினால் தேவதையின் எக்காளம், வானத்தைப் பார்த்து நிமிர்ந்தால் சாத்தானின் எக்காளம், வானத்தை நோக்கி ஊதுவது கடவுளுக்குத் திமிராகப் பட்டதாம் என்று அவர் கதை சொல்கிறார். இரவில்தான் வாசனை கூடும் என்றும் சொல்கிறார். டோங்-உன்னாக நடிக்கும் சாங் ஹே-கியோவோடு இந்தப் பூவைப் போஸ்டரிலேயே வைத்துவிட்டார்கள்.

கொடைக்கானலிலும் ஊட்டியிலும் சாலையோரங்களில் இந்தத் தொங்கும் பூவைப் பார்த்திருப்பீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. நிமிர்ந்து நிற்கும் மற்றது நம் ஊர் ஊமத்தை வகைதான். இரண்டும் ஒரே குடும்பம், ஒரு காலத்தில் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். இரண்டிலும் இலை முதல் விதை வரை நஞ்சு. அந்தப் பாட்டியின் கதையைக் கேட்டபோது எனக்குத் தானாக நினைவுக்கு வந்தது தேவாரத்தில் சிவனின் சடையில் கொன்றையோடும் பிறையோடும் சேர்ந்து வரும் மத்தம், அதாவது ஊமத்தைதான். அங்கே கடவுளுக்குத் திமிராகத் தெரிந்த பூவை இங்கே கடவுள் தலையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார். ஆகவே கொரிய வீட்டுத் தோட்டத்தில் அந்தப் பூ நிமிர்ந்தால் பாவம் என்ற பொருள் எனக்குள் முழுதாக இறங்கவே இல்லை. நஞ்சை விழுங்கியவனுக்கு நஞ்சுப் பூ என்று பாடிய மொழியில் வளர்ந்துவிட்டு, டோங்-உன் தலைநிமிர்ந்து வானத்தைப் பார்ப்பதைத் திமிர் என்று என்னால் படிக்க முடியவில்லை. தொடரும் அதைத் திமிர் என்று சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். கதையைச் சொல்லும் பாட்டியின் குரலில் கண்டனம் இல்லை. அவர் அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்.

தொடரில் மதம் வரும் இடங்களையெல்லாம் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். போதையில் மிதக்கும் சாரா ஒரு போதகரின் மகள். யோன்-ஜினின் அம்மா குறி சொல்லும் பூசாரியிடம் ஓடுகிறார். மேலே இருப்பவர்களின் காதுகளுக்கு வழி வைத்திருப்பவர்கள் அவர்கள்தான். டோங்-உன்னுக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது. அவள் யாரிடமும் முறையிடுவதில்லை. மனதுக்குள் அவள் பேசுவதெல்லாம் "யோன்-ஜின்" என்று அழைத்து, எழுதாத கடிதமாக, தன்னைச் சுட்டவளிடம்தான்.

நிறக்குறைபாடு விஷயத்தில் அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாத ஜே-ஜூனின் குறை, யோன்-ஜினின் மகள் யே-சோலுக்கும் இருக்கிறது. இந்தக் குறையைச் சுமக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், ஒரு பெண் குழந்தைக்கு அது வர வேண்டுமென்றால் அப்பாவுக்கும் அது இருந்தாக வேண்டும், அம்மாவிடமிருந்தும் வர வேண்டும். ஆண்களைவிடப் பெண்களிடம் மிக அரிதாக இருப்பது அதனால்தான். ஆகவே குழந்தை ஒரு நிறத்தைத் தவறாகப் பார்ப்பதே, அவள் யாருடைய மகள் என்று சொல்லிவிடுகிறது. கதைத் தந்திரமாக இது அழகு. "அவர்கள் கண் இருந்தும் குருடர்கள்" என்ற பொருளெல்லாம் சுலபமாக வந்துவிடுவதால் எனக்கு அதில் பெரிய ஈர்ப்பு இல்லை. ஆனால் இந்தக் குழந்தை பற்றி வேறொரு கவலை இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இளவரசன் வேண்டாம்

என் குழப்பம் தெளிந்தது ஒரே ஒரு காட்சியில்தான். யோ-ஜோங் அவளை நேசிக்கிறான். அவளுக்கு எதிரே மென்மையாக நிற்கிறான். அவள் சொல்கிறாள், தனக்கு இளவரசன் தேவையில்லை, தன்னோடு சேர்ந்து வாள் நடனம் ஆட ஒரு கொலையாளிதான் தேவை, தண்டனையாகத் தலையை வெட்டும் பழைய காலத்துக் கொலையாளி. இதைக் கேட்டவுடன் இணையமே புல்லரித்தது. நியாயம்தான், அவ்வளவு கூர்மையான வசனம். ஆனால் அதை எழுதியவர் யார் என்று நினைத்துப் பார்த்தால் இன்னும் அதிர்ச்சியாக இருக்கும். கிம் உன்-சுக் இத்தனை ஆண்டுகளாகக் கொரியத் தொலைக்காட்சிக்கு இளவரசர்களை வடித்துக் கொடுத்தவர். ஏழைப் பெண்ணைப் பணக்கார நாயகன் கைதூக்கிவிடும் அவருடைய 'லவ்வர்ஸ் இன் பாரிஸ்' கொரியாவையே கட்டிப்போட்டது 2004 கோடையில். தொடருக்குள் டோங்-உன் சுடப்படுவதும் அதே ஆண்டு. ஊரெல்லாம் மாலையில் டிவி முன் உட்கார்ந்து இளவரசன் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்டில், ஒரு கூடத்தில் யாருமே வராமல் ஒரு பெண் கத்திக்கொண்டிருந்திருக்கிறாள் என்று அந்த எழுத்தாளரே எழுதுகிறார். அவர் கைப்பட எழுதிய இளவரசனை அவர் நாயகியே வேண்டாம் என்கிறாள்.

சரி, ஆனால் என் திருப்பம் அந்த வசனத்தில் இல்லை. இளவரசன், கொலையாளி, வாள் நடனம், எல்லாமே உருவகங்கள். அழகான பேச்சு. யோ-ஜோங்கும் அதை அழகான பேச்சாகவே எடுத்துக்கொண்டிருக்க முடியும். ஆனால் அவன் ஏன் என்று புரியாமல் நிற்கும்போது, டோங்-உன் பேச்சை நிறுத்திவிட்டு, எப்போதும் கழுத்து வரை மூடியிருக்கும் உடையைக் கழற்றித் தழும்புகளைக் காட்டுகிறாள். கை, தோள், கால் எங்கும் அந்த இரும்பு. அவ்வளவு நேரம் காற்றில் இருந்த உருவகம் எல்லாம் அந்த நொடியில் தரையில் விழுந்துவிடுகிறது. அந்தத் தழும்பு எதையும் குறிக்கவில்லை. அது சுட்ட இடம். யோ-ஜோங் அழுகிறான். அழுதுகொண்டே, நான் செய்கிறேன், யாரிடமிருந்து ஆரம்பிக்கட்டும் என்கிறான்.

அவன் பிளாஸ்டிக் சர்ஜன் என்பதை இங்கே மறக்கக் கூடாது. தழும்பை மறைப்பது அவன் தொழில். வேறு எந்தத் தொடராக இருந்தாலும், எவ்வளவோ நல்ல மனதோடு, "நான் இதைச் சரி செய்துவிடுகிறேன்" என்று ஒரு வசனம் அங்கே வந்திருக்கும். நான் அதை எதிர்பார்த்து உடம்பை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. அவன் அந்தத் தோலுக்கு மருத்துவம் பார்க்கவில்லை, அது சொல்வதை நம்பினான். டோங்-உன்னின் வாழ்க்கையில் ஆசிரியர், போலீஸ், அம்மா என்று எத்தனையோ பேர் அந்தத் தழும்பைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்ததும் அதை வேறு ஏதோவாக மாற்றினார்கள். ஒருவர் பிரச்சினைக்காரப் பெண் என்றார், ஒருவர் அதைப் பணமாக்கினார். தழும்பைத் தழும்பாகவே பார்த்த முதல் ஆள் இவன்தான்.

இதைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு கோடு தெளிவாகத் தெரிந்தது. இந்தத் தொடரில் பொருள்கள் இரண்டு வகை. ஒன்று, டோங்-உன் மீது ஏவப்பட்டவை. இரும்பு, கடிகாரம், காகிதம். அவற்றுக்கு உள்ளே எதுவும் இல்லை. இன்னொன்று, டோங்-உன் தானாகத் தேடி எடுத்துப் பொருள் கொடுத்தவை. பாதுக் அவள் கற்றுக்கொண்டது. ஜன்னல் அவள் தேர்ந்தெடுத்தது. சுவர் முழுக்க ஒட்டிய அவர்கள் படங்கள் அவள் ஒட்டியவை. பள்ளியை விட்டுப் போகும் அன்று யோன்-ஜினைப் பார்த்து இன்றிலிருந்து என் கனவு நீதான் என்று சொல்வதும் அவளே. அர்த்தமில்லாமல் சிதைக்கப்பட்ட ஒருத்தி, அதற்குப் பிறகு தன் உலகத்தில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் தன் கையால் அர்த்தம் கொடுத்துக்கொண்டே போகிறாள். குறியீடுகளை இயக்குநர் திரையில் வைக்கவில்லை, பாத்திரம் வைக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. பழிவாங்கலின் பாதி அதுதான். உயிர் பிழைத்ததன் பாதியும் அதுதான்.

இதற்கு எதிர்த் திசையில் ஒரு கண்ணாடியும் வைத்திருக்கிறார்கள். யோ-ஜோங்கின் அப்பாவைக் கொன்றவன் சிறையிலிருந்து அவனுக்குக் கடிதம் எழுதுகிறான். கொன்றவன் இழந்தவனுக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கம். சுடப்பட்டவள் சுட்டவளுக்கு மனதில் எழுதும் கடிதம் மறு பக்கம். முதலாவது, சிறைக்குள் இருந்தும் ஒருவன் இரும்பை எப்படிச் சூடாக வைத்திருக்க முடியும் என்று காட்டுகிறது. அந்தக் கடிதங்களால்தான் யோ-ஜோங்குக்குத் தழும்பைப் படிக்கத் தெரிந்திருக்கிறது என்று ஊகிக்கிறேன்.

அந்தக் குழந்தை

கிம் உன்-சுக் இந்தக் கதைக்கு எப்படி வந்தார் என்று 2022இல் தொடர் வெளியாகும் முன்பே சொன்னார். பள்ளியில் படிக்கும் அவருடைய மகள் கேட்டாளாம்: நான் யாரையாவது அடித்துக் கொன்றுவிட்டு வந்தால் உனக்கு அதிகம் வலிக்குமா, யாரிடமாவது அடிபட்டுச் செத்துப்போனால் அதிகம் வலிக்குமா? ஒரு தாயிடம் கேட்கக் கூடிய கேள்வியா இது? ஆனால் இந்தத் தொடரின் இரண்டு வீடுகளும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகின்றன. கேள்வியில் ஒரு உருவகம்கூட இல்லை என்பதையும் பாருங்கள்.

தொடர் திரைக்கு வெளியே போய் நிஜ உலகத்தையும் உரசியது. 2023 பிப்ரவரியில் கொரியக் காவல்துறையின் தேசிய விசாரணை அலுவலகத்தின் தலைவராக நியமிக்கப்பட்ட ஒரு முன்னாள் அரசு வழக்கறிஞர், அவருடைய மகன் பள்ளியில் சக மாணவனைத் துன்புறுத்திய விவகாரம் வெளிவந்ததும் மறுநாளே விலகினார். அடுத்த மாதம், இரண்டாம் தொகுதி வெளியான நேரத்தில், இயக்குநர் ஆன் கில்-ஹோ மீதே மாணவப் பருவத்து வன்முறைப் புகார் எழுந்தது. முதலில் மறுத்தவர் பிறகு ஒப்புக்கொண்டு, வழக்கறிஞர் வழியாக மன்னிப்புக் கேட்டார். இதைத் தெரிந்துகொண்டுதான் தொடரைப் பார்க்க ஆரம்பித்தேன். அதனால் கேமரா அந்தக் கூடத்துக்குள் நுழையும்போதெல்லாம் எனக்கு ஒரு கசப்பு இருந்துகொண்டே இருந்தது. அந்தக் கசப்பைத் தொடரின் மீது போட்டு அதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை, மறக்கவும் வரவில்லை. வழக்கறிஞர் வழியாக வந்த மன்னிப்பை டோங்-உன் ஏற்றிருப்பாளா என்று மட்டும் யோசித்தேன். 2023 ஏப்ரலில் கொரிய அரசு, பள்ளி வன்முறைத் தண்டனைப் பதிவுகளைப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் கணக்கில் எடுப்பதை 2026 கல்வியாண்டுச் சேர்க்கையிலிருந்து கட்டாயமாக்குவதாக அறிவித்தது. 2004இன் டோங்-உன் கேட்டதும் அவ்வளவுதான். நடந்ததை நடந்ததாக யாராவது ஒரு காகிதத்தில் எழுதுங்கள் என்றாள்.

இனி யே-சோல். இந்தக் கட்டுரையை எழுத எழுத எனக்கு இவளைப் பற்றித்தான் பயம் கூடியது. டோங்-உன் பொருள் கொடுத்த எல்லாவற்றிலும் உயிருள்ள, எதையும் தேர்ந்தெடுக்காத ஒன்று இந்தக் குழந்தை. ஹியோன்-நாம் தெரிந்தே பலகைக்கு வந்தவர். யோ-ஜோங் அழுதுகொண்டே வந்தான். யே-சோல் பள்ளிக்கு வந்தாள், அவ்வளவுதான். அவள் கண்ணில் இருக்கும் குறை ஒரு சாட்சியமாகிறது, அவள் வகுப்பறை ஒரு போர்க்களமாகிறது, அவளைப் பார்த்துப் புன்னகைக்கும் டீச்சர் உண்மையில் அவள் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சுட்டவர்களுக்கு டோங்-உன் ஒரு பொருளாகத் தெரிந்தாள். டோங்-உன்னுக்கு இந்தக் குழந்தை யோன்-ஜினின் மகிழ்ச்சியைக் குறிக்கும் ஒரு கல்லாகத் தெரிந்தால், அது அதே பார்வையின் தொலைதூரச் சொந்தம். அர்த்தம் கொடுக்கும் உரிமை பாதிக்கப்பட்டவளுக்கு உண்டு என்று மேலே அவ்வளவு சந்தோஷமாக எழுதினேன். ஒரு சிறுபிள்ளையின் மேல் அந்த உரிமை நீளுமா என்றால், நீளாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சாங் ஹே-கியோ இதைத் தெரிந்துதான் நடிக்கிறார் என்று நம்புகிறேன். யே-சோலோடு இருக்கும் காட்சிகளில் அவர் குரல் ஒரு படி இறங்குகிறது, பார்வை ஒரு நொடி தடுமாறுகிறது. கட்டிய திட்டத்துக்குள் சிக்காத ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது. ஐவருக்கு என்ன தண்டனை கிடைக்கிறது என்பதில் எனக்குப் பெரிய ஆவல் இல்லை. அவர்கள் மூச்சு எப்படி அடைபடும் என்று பலகையைப் பார்த்தாலே தெரிகிறது. மீதி எட்டு எபிசோடுகளில் நான் பார்க்கப்போவது ஒன்றைத்தான்: டோங்-உன் அந்தக் குழந்தையை எந்த எபிசோடில், எந்த நொடியில், யோன்-ஜினின் மகள் என்பதை விட்டுவிட்டு, தன் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையாகப் பார்க்கிறாள். கிம் உன்-சுக் அதை எழுதாமல் விட்டிருந்தால், பாதுக் காட்சிகள் எத்தனை அழகாக இருந்தாலும் இந்தத் தொடரோடு எனக்குச் சண்டைதான்.